பூட்டிய வீடுகளையும் வரிசையில் வைத்தவர்

வேதவல்லி அம்மா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு உறையூர்ச் சுருட்டுக் கொட்டகையில் வந்தது. புகையிலையில் நரம்பு கிழித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் பியூன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, இங்கே செல்லாயி யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"ஸ்ரீரங்கத்து அம்மா விடியற்காலையில தவறிட்டாங்க. புரொபசர் ஐயா உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

சரிங்க என்றேன். அவர் போன பிறகு கையிலிருந்த இலைக்கட்டை முடித்து வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "யாருக்கா செத்தது?" என்று கேட்டாள். எங்க ஊருக்குக் கணக்கெடுக்க வருகிற அம்மா என்றேன். அவளுக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிச் சித்திரை வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது கொள்ளிடக் கரைக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசல் ஈரத்தில் நின்றேன். அம்மாவின் தமையன் மனைவி வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் யாரென்று சொன்னேன்.

"ஊர் ஊராப் போய் யார் யாருக்கு என்ன வரும்படின்னு கேப்பாளே, அந்த ஊர்க்காரியா நீ? இத்தனை வருஷம் அவ என்னத்தைக் கணக்குப் போட்டான்னு எங்களுக்குத் தெரியாது. அது எதுக்கும்மா? யாருக்கு என்ன வரும்படியா இருந்தா இவளுக்கு என்ன?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வெயில் தாழும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. புரொபசர் ஐயா காலேஜ் புத்தகத்தில் போட எழுதிக் கொடு என்று சொன்னபோது, அந்த மாமி கேட்டதற்காவது பதில் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டேன். அம்மாவோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையே நான் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மருங்காபுரிக்கு மேற்கே எங்கள் ஊர். மழையை நம்பின மேட்டாங்காடு. கம்பு, சோளம், கடலை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனவர். உலகச் சண்டையில் ஜப்பான்காரன் ரங்கூன் மீது குண்டு போட்ட பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு உறையூருக்கு வந்துவிட்டேன். பூட்டிக் கிடக்கிற அந்த வீடு ஊர்க் கணக்கில் ஒரு வீடா இல்லையா என்பது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு, அவர் திரும்பி வந்தால் அவருக்கென்று ஒரு வாசல் இருக்கிறதா இல்லையா என்கிற விஷயம். அம்மாவைப் பற்றி எதைச் சொன்னாலும் எனக்கு அங்கேதான் வந்து நிற்கும்.

நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிதில் காலேஜிலிருந்து பிள்ளைகள் கணக்கெடுக்க வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷத்துக்கு என்ன வருகிறது என்று எழுத வேண்டுமாம். சாவடியில் ஆண்களைக் கேட்டால், "எங்களுக்கு வர்றது கடன்தாங்க. அதை வருமானத்துல எழுதுவீங்களா?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். வீட்டு வாசலில் வந்து எங்களைக் கேட்டார்கள். முதல் கேள்வியே குடும்பத் தலைவர் பெயர் என்ன என்பது. கட்டினவன் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம். பெயர் சொல்ல மறுத்தார்கள் என்று அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போனார்களாம். ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் புரொபசர் ஐயா வேதவல்லி அம்மாவை அனுப்பினார். வெள்ளைப் புடவை, வெற்று நெற்றி, கையில் கூஜா. மருங்காபுரியில் பெருமாள் கோயில் பட்டர் வீட்டில் தங்கிக்கொண்டு வண்டி கட்டி வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர் என்று வண்டிக்காரன் சொல்லி ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அம்மா எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார். என்னோடு அடுத்த வீட்டு ராக்காயி அக்கா.

"இவாத்துக்காரர் பேரை நீங்கோ சொல்லுங்கோ. உங்காத்துக்காரர் பேரை இவா சொல்லட்டும். யாருக்கும் பாவம் இல்லை" என்றார்.

ராக்காயி அக்கா என் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, "ஆளு கறுப்புங்க. ஆனா நல்ல உழைப்பாளி. அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

"கறுப்புக்குத் தனியா இடம் விடலை. உழைப்புக்கு இருக்கு, சொல்லுங்கோ" என்றார் அம்மா, சிரிக்காமல். நாங்கள்தான் சிரித்தோம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுதும் பெயர் கொடுத்துவிட்டது.

பெயர் கொடுத்தோமே தவிர வரும்படியைச் சொல்லவில்லை. ஏனென்றால் அம்மா எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் வழக்கம் அப்படி. எங்கள் வழக்கம், வாசலில் உட்கார்ந்து தண்ணீர்கூடத் தொடாதவரிடம் வீட்டுச் சமாசாரம் பேசமாட்டோம். "நம்ம தண்ணி ஆகாது, நம்ம கணக்கு மட்டும் ஆகுமாக்கும்" என்று ராக்காயி அக்கா அவர் காதில் விழும்படியே சொன்னாள். அம்மா மழுப்பவில்லை. "ஆமாம். எங்காத்து வழக்கம் அப்படி. என்னால மீற முடியலை. சமைக்காதது ஏதாவது இருந்தா கொடுங்கோ, சாப்பிடறேன்" என்றார். கடலை பிடுங்குகிற காலம். செடியோடு பச்சைக் கடலையைக் கொண்டுவந்து மடியில் போட்டோம். மண்ணைத் தட்டிவிட்டு உரித்து உரித்துத் தின்றார். தின்றுகொண்டே கேட்டார். நாங்களும் உரித்துக்கொண்டே சொன்னோம். போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரைக்கும் உள்ளே வந்ததை எல்லாம் சொல்ல வேண்டும். கூலியாக வந்த கம்பு, ஆடு விற்றது, நெய் விற்றது, கோழி முட்டை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நாங்கள் சேர்த்த சிறுவாட்டைக்கூடச் சொன்னோம். சாவடியில் ஆண்கள் சொன்னதும் நாங்கள் சொன்னதும் வேறு வேறு ஊர்க் கணக்குப் போல இருந்தது. யாரிடம் கேட்டதையும் அவர் இன்னொருவரிடம் சொன்னதில்லை. ஊரில் அவருக்குக் கடலையம்மா என்றே பெயர் ஆகிவிட்டது. அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் கிணற்றடியில் ராக்காயி அக்கா கேட்டாள்: "ஏங்கம்மா, எல்லார் வரும்படியையும் கூட்டித் தலைக்கு இவ்வளவுன்னு வகுத்துட்டுப் போக வேண்டியதுதானே? வீட்டுக்கு வீடு எதுக்கு அலையறீங்க?"

"வகுக்கலாம். உங்க ஊர்ப் பெரிய வீட்டுல ஒரு மோட்டார் வாங்கறான்னு வெச்சுக்கோங்கோ. வகுத்தா உங்க ஒவ்வொருத்தர் கணக்குலயும் மோட்டார்ல ஒரு துண்டு வந்துடும்."

"வரட்டுமே. என் பங்குக்கு ஒரு சக்கரம் வந்தாக்கூட ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போடலாம்."

அம்மா குடத்தை இறக்கி வைக்கச் சொன்னார். தண்ணீர் எடுக்க வந்திருந்த எங்களை உயரப்படி வரிசையாக நிற்க வைத்தார். இந்தக் கோடியில் குள்ளமானவள், அந்தக் கோடியில் நெட்டையானவள். நடுவில் நின்றவளின் தோளைத் தொடாமல் கையைக் காட்டி, "எனக்கு இவாதான் வேணும். அந்தக் கோடியில இருக்கறவா இன்னும் ஒரு பனைமரம் வளர்ந்தாலும் நடுவுல நிக்கறவா இவாதான். வீடுகளையும் இப்படி வரும்படிப்படி நிறுத்திட்டு நடு வீட்டைப் பார்க்கணும். பத்து வருஷம் கழிச்சு மறுபடி நிறுத்தணும். அப்பதான் ஊர் ஏறித்தா இறங்கித்தான்னு தெரியும்" என்றார்.

நடுவில் நின்றவள் வெட்கப்பட்டுக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். "பணக்காரன் எவ்வளவு பெரியவன்னு எனக்கு வேண்டாம். நடுவுல இருக்கறவாளுக்கு ரெண்டு வேளை அடுப்பு எரியறதான்னு தெரிஞ்சா போறும்" என்று அம்மா சொன்னதை நான் பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அந்த மாமியிடம்தான் சொல்ல வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா உச்சிக்கு முன்னால் எந்த வாசலுக்கும் போகமாட்டார். ஒரு நாள் அவர் கோயிலடி மர நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டேன். "காலையில கோலம் போட்டு விளக்கேத்தற நேரத்துல நான் வாசல்ல வந்து நின்னா அவா கதவைச் சாத்தவும் முடியாம திறக்கவும் முடியாமத் தவிப்பா. எதுக்கு?" என்றார். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்போது எனக்குச் சின்ன வயது. நானும் அப்படிக் கதவைச் சாத்துகிறவர்கள் நடுவில் வளர்ந்தவள்தான்.

இரண்டாவது தடவை அவர் கணக்கெடுக்க வந்தபோது என் வீட்டுக்காரர் ரங்கூனில் இருந்தார். மாதாமாதம் மணியார்டர் வந்தது. எழுதப் படிக்கத் தெரியும் என்று என்னையே கூட வரச் சொல்லி வீடு வீடாகப் போனோம். அப்போது அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று. கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எதிராளி யோசித்துக்கொண்டிருந்தால் நான், "ஒரு பத்து இருக்குமா? இருபதா?" என்று எடுத்துக் கொடுப்பேன். வெளியே வந்ததும் கடிந்துகொண்டார். "நீ சொன்னா அது உன் பதில் ஆயிடும் செல்லாயி. கேட்டுட்டு வாயை மூடிண்டு இருக்கணும். எத்தனை நாழி ஆனாலும் பதில் அவா கிட்டேருந்து வரணும்" என்றார்.

கணக்கு முடிந்த பிறகு என் வீடு வரிசையில் எங்கே என்று கேட்டேன். யார் வீட்டையும் சொல்லாதவர் என் வீட்டை எனக்கு மட்டும் சொன்னார். நடுவுக்குக் கொஞ்சம் மேலே. ரங்கூன் பணம்தான் காரணம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவது தடவை அவர் வந்தது சண்டை நடக்கும்போது. ஊரில் பாதித் தெரு பூட்டிக் கிடந்தது. மழை பொய்த்து, மணியார்டர்கள் நின்று, ஜனங்கள் பொன்மலை ரயில்வே பட்டறைக்கும் உறையூருக்கும் கொழும்புத் தோட்டங்களுக்கும் போய்விட்டார்கள். ராக்காயி அக்கா பொன்மலையில் மண் சுமந்துகொண்டிருந்தாள். நான் இந்தக் கொட்டகையில் இருந்தேன். அம்மா என்னைத் தேடிக்கொண்டு உறையூருக்கு வந்தார்.

"பூட்டின வீட்டுக்காரா எல்லாம் எங்கெங்கே இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"பாதிப் பேரைத் தெரியும்மா. எதுக்கு?"

"அவாளையும் கேக்கணும். பூட்டு தொங்கறதுன்னா உள்ளே ஆள் இல்லைன்னு அர்த்தம். வீடு இல்லைன்னு அர்த்தமில்லை."

வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு சுற்றினேன். பொன்மலையில், பாலக்கரையில், மணப்பாறைச் சந்தையில். கண்ட இடத்தில் உட்கார்ந்து கேட்டார். ராக்காயி அக்கா தலையில் மண் கூடையோடு நின்று, "கடலையம்மா, இங்கயும் வந்துட்டீங்களா? இங்க கடலை இல்லை. ரயில்கரிதான் இருக்கு. தின்னுறீங்களா?" என்றாள். "கூடையை இறக்கு. கழுத்து வலிக்கும்" என்றார் அம்மா. எப்போதும்போல அப்போதும் சிரிக்கவில்லை. கொழும்புக்குப் போனவர்களை மட்டும் கேட்க முடியவில்லை. அது அவருக்குக் கடைசிவரை குறை.

புரொபசர் ஐயா இதற்குச் சம்மதிக்கவில்லை. நான் எழுதுகிறேன் என்று அவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன். காலேஜ் அறையில் நானும் அன்றைக்கு இருந்தேன்.

"போனவங்க போன ஊர்க்காரங்க ஆயிட்டாங்கம்மா. அவங்க வரும்படி அந்த ஊர்ல சேரணும்" என்றார் ஐயா.

"அங்கே யார் எண்ணறா?"

"யாரும் எண்ணலைதான். அதுக்காக நாம எண்ண முடியுமா?"

"பூட்டினதெல்லாம் வரிசையில கீழ்ப்பக்கத்து வீடு. அதைத் தூக்கிட்டா நடு மேலே நகர்றது. ஊர்ல ஒருத்தர் ஒரு பிடி கூடச் சாப்பிட்டிருக்க மாட்டா. ஆனா ஊர் முன்னேறிடுத்துன்னு கணக்கு சொல்லும். சர்க்கார்ல பஞ்சக் கூலிக்கு ஏரி வெட்டற வேலை திறக்கறதா வேண்டாமான்னு இதைப் பார்த்துத்தானே முடிவு பண்ணப்போறா?"

"அது எனக்கும் புரியுது. ஆனா யாரு திரும்பி வருவாங்க, யாரு வரமாட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? கேட்டீங்களா?"

"கேட்டேன். எல்லாரும் வருவோம்னுதான் சொன்னா."

"சொல்லாம என்ன செய்வாங்க? நம்ம ஊர்ல எவனாவது போறேன்னு சொல்லிட்டுப் போறானா? போயிட்டு வரேன்னுதான் எல்லாரும் கிளம்பறாங்க. அதை நம்பி வீட்டை வரிசையில நிறுத்தினா நாளைக்கு ஊர்ல ஒரு வீடுகூடக் குறையாதே."

அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. ஐயா சொன்னதில் தப்பும் இல்லை. நானே அந்த வருவோம் என்று சொன்னவர்களில் ஒருத்தி.

பதில் மாரியம்மன் திருவிழாவில் கிடைத்தது. எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முன்னால் கோயிலடியில் கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். ஒரு அடுப்புக்கு ஒரு வரி. வரி கொடுத்தால்தான் அந்த வீடு ஊரோடு சேர்ந்த வீடு. அம்மன் ஊர்வலம் அந்த வாசலில் நிற்கும், பூட்டியிருந்தாலும் நிற்கும். கொடுக்காத வீட்டைத் தாண்டிப் போய்விடும். இனிமேல் ஊருக்கு வருவதில்லை என்று உண்மையிலேயே முடிவு செய்தவர்கள், வாயால் சொல்லமாட்டார்கள், வரியை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் எங்கிருந்தாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. அம்மாவும் இத்தனை வருஷத்தில் திருவிழா சமயத்தில் வந்ததில்லை. அந்தத் தடவைதான் வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மலையிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரி கொடுப்பதைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது.

என் முறை வந்தது. எங்கள் ஊர் வழக்கத்தில் புருஷன் இல்லாத வீட்டுக்கு அரை வரி. நான் முழு வரியை நீட்டினேன். நாட்டாண்மைக்காரர் நல்ல மனுஷர். பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர் முந்தின வருஷம் ஊரில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். நீங்க முன்னால போங்க, பின்னாலயே வந்துடறேன் என்றாராம். அதற்கப்புறம் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. இது நாட்டாண்மைக்காரருக்கும் தெரியும்.

"செல்லாயி, பாதி கொடுத்தாப் போதும்மா" என்றார் மெதுவாக.

"எதுக்கு?" என்றேன்.

"பொம்பளை ஒருத்தியா ரெண்டு பிள்ளையை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படறே. ஊர் ஒண்ணும் நினைக்காது."

"என்னா நினைக்காது? முழுசா எண்ணிக்குங்க."

அவர் கையை நீட்டவில்லை. நான் கையை மடக்கவில்லை. ஒரு ஆள் பின்னாலிருந்து, "அது வீம்பு பிடிச்ச கழுதைப்பா, விடு" என்றான். அப்போது அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அவா முழுசாக் கொடுக்கறா. வாங்கிக்கோங்கோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் வெளியூர்ப் பெண் அதுவும் தாலியறுத்தவர் பேசியது அதுதான் முதல் தடவை. நாட்டாண்மைக்காரர் வாங்கிக்கொண்டார்.

வரி கொடுத்த பூட்டின வீடுகளை எல்லாம் அம்மா வரிசையில் நிறுத்தினார். ஐயா அதைக் கேட்டுவிட்டு, ஊரே தன் வீடு என்று எண்ணுகிறதை நாம் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். கடன் வாங்கியாவது வரி கொடுப்பவன் இருப்பானே, அதை வைத்து வரும்படியைச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அம்மா அதை ஒப்புக்கொண்டார். கடைசியில் இரண்டு வரிசை போட்டார்கள். பூட்டின வீடுகளோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டையும் மேலே அனுப்பினார்கள். எதைப் படித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஏரி வேலை திறக்கவில்லை. ராக்காயி அக்கா இன்னும் பொன்மலையில்தான் இருக்கிறாள்.

அந்தக் கணக்கில் என் வீட்டுக்கான கேள்விகளை அம்மா உறையூரில் என் குடிசையில் வைத்துத்தான் கேட்டார். கொட்டகைக் கூலியைச் சொன்னேன். நானும் பெரிய பிள்ளையும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதைச் சொன்னேன். குடும்பத் தலைவர் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பெயரை எழுதுவதற்கு இந்தத் தடவை பக்கத்தில் இன்னொருத்தி தேவையில்லை, அம்மாவுக்கே தெரியும். ஆனாலும் கேட்டார். இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஆறுதல் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். அப்புறம், "இந்த இடத்தை விட்டு வைக்கறேன். வீடு வரிசையில இருக்கு. இது மட்டும் காலியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

போன ஐப்பசியில் மறுபடி வந்தார். இளைத்திருந்தார். மூச்சு வாங்கியது. சுதந்திரம் வந்துவிட்டது, புதிதாகக் கணக்கெடுக்கப் போகிறோம், இந்தத் தடவை திருவிழா சமயத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும் என்றார். பெரியவளுக்குக் கல்யாணம் ஆனதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். வறுக்காத கடலை வாங்கி வைத்திருந்தேன், இரண்டே இரண்டு உரித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த இடம் இன்னும் காலியா இருக்கு" என்றார்.

"அடுத்த தடவை சொல்றேம்மா" என்றேன்.

"சரி. நான் அவசரப்படுத்தலை."

மாசியில் அவர் போய்விட்டார்.

ஸ்ரீரங்கத்து மாமிக்கு என் பதில் இதுதான். உங்கள் நாத்தனார் யாருக்கு என்ன வரும்படி என்று கேட்டுக்கொண்டு திரியவில்லை. ஊரிலிருந்து யார் காணாமல் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். கண்டுபிடித்தவர்களைத் திரும்ப வரிசையில் நிறுத்தினார். அதனால் யாருக்கும் சோறு கிடைத்துவிடவில்லை. ஆனால் நாங்கள் இல்லை என்று யாரும் எழுதிவிட முடியாமல் பார்த்துக்கொண்டார்.

பங்குனிக் கடைசியில் தலைக்கட்டு வரிக்கு ஊரிலிருந்து ஒருவர் வந்தார். இந்த வருஷம் நான் கோயிலடிக்குப் போகவில்லை. உறையூரிலேயே கொடுத்தேன். அரை வரி கொடுத்தேன். வந்தவர் எண்ணிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கி முடிந்துகொண்டார். என் அண்ணன் வைகாசியில் வந்து, வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டிய மற்றக் காரியங்களைச் செய்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். செய்யட்டும்.

அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை உங்களிடம் சொல்கிறேன். கணக்கை இனி நீங்கள்தான் எடுக்கப் போகிறீர்கள். அவரிடமிருந்து எனக்கு வந்தது, பதில் வரும்வரை அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான். அவ்வளவு நேரத்தை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டை வரிசையிலிருந்து எடுக்க வேண்டாம். பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் செல்லாயி என்று எழுதிக்கொள்ளுங்கள்.